பெருவீக்கக் காலத்தில் ஸ்கேலர் புலத்தின் திருத்தம் வளர்ந்துகொண்டே போனால் கோட்பாடு உடைந்துவிட்டதா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதி என்ன பயன். அண்டப் பெருவீக்கம், அதாவது தொடக்ககால அண்டத்தின் அதிவேக விரிவு, நடக்கும்போது ஒரு ஸ்கேலர் புலத்துக்கு (ஒவ்வோர் இடத்திலும் திசையில்லாத ஓர் எண்ணை மட்டும் கொண்ட புலம்) குவாண்டம் திருத்தம் கணக்கிட்டால், விடை நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது என்று ஒரு பாடக்குறிப்பில் படித்திருக்கிறீர்கள். திருத்தம் என்றால் மூல விடையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அதுவே மூல விடையை விழுங்கிவிட்டால் கோட்பாடு செத்துவிட்டது என்றுதானே பொருள்? அப்படியானால் விண்மீன் மண்டலங்களுக்கு வித்து விழுந்தது பெருவீக்கத்தில்தான் என்ற கணக்கை எதை நம்பி ஏற்பது? கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ஹிக்ஸ் துகளின் நிறையைக் குவாண்டம் திருத்தங்கள் தாறுமாறாக ஏற்றிவிடும் என்ற சிக்கலும் இதுவும் ஒன்றுதானே?

சுருக்கமாகச் சொன்னால், வளர்ச்சி உண்மை. உடைவது கோட்பாடு இல்லை, விடையை நாம் விரித்து எழுதிய தொடர். ஹிக்ஸ் கேள்வி வேறு கதை. அங்கே உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை. இந்த இரண்டும் ‘குவாண்டம் திருத்தம்’ என்ற ஒரே பெயரில் உலவுவதால்தான் குழப்பம். நான் இந்த வளையக் கணக்குகளோடு (குவாண்டம் திருத்தக் கணக்குகளுக்கு எங்கள் வழக்கில் அந்தப் பெயர்) சில ஆண்டுகள் மல்லுக்கட்டியவன். ஸ்கேலர் புலம் வரைக்கும் என் கைவேலை. ஈர்ப்புப் புலத்தின் வளையங்கள் பற்றிச் சொல்லும் இடங்களில் பிறர் கணக்கைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

தேவையான பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். 1980-81 வாக்கில் ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் கூத் இருவரும் தனித்தனியே, வெவ்வேறு காரணங்களுக்காக, தொடக்ககால அண்டம் ஏறக்குறைய மாறாத ஹப்பிள் வீதத்தில் (அண்டம் விரியும் வீதம்) அதிவேகமாக விரிந்திருக்கலாம் என்றார்கள். நாம் இன்று காணும் அண்டத்தை விளக்க அந்த விரிவு சுமார் 60 மடிப்பு நடந்திருக்க வேண்டும். நீளங்கள் 2.718 மடங்கு ஆவதை ஒரு மடிப்பு என்கிறேன். ‘மடங்கு’ என்றே எழுதினால் படிப்பவர் தலை சுற்றும் என்பதால் இந்தச் சொல். ஹப்பிள் வீதம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது; மேல் வரம்பு மட்டும் தெரியும். தொன்மை ஈர்ப்பலைகள் இதுவரை அகப்படாததால், அது சுமார் 5×10¹³ கிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது. ஒளியின் வேகத்தையும் பிளாங்க் மாறிலியையும் 1 என்று வைத்துக்கொள்வதால் வீதம், நிறை, ஸ்கேலர் புலத்தின் மதிப்பு மூன்றையும் ஒரே அலகில் அளக்கிறோம். அதனால் இனி எல்லாவற்றையும் ஹப்பிள் வீதத்தை அளவுகோலாக வைத்தே சொல்கிறேன்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். ஒரு புலம் தன்னோடு தானே வினைபுரிகிறது என்றால், வெற்றிடத்தில் கொந்தளிக்கும் அதன் சிற்றலைகள் அதன் நிறையையும் இணைப்பு வலிமையையும் மாற்றும். இதைத்தான் வளையத் திருத்தம் என்கிறோம். எல்லா அலைநீளங்களையும் கூட்டும்போது இரண்டு முனைகளிலும் தொல்லை வரும். மிகக் குறுகிய அலைகளின் முனையில் வருவது நமக்குப் பழகிய முடிவிலி. அந்த அலைகளுக்கு அண்டம் விரிகிறது என்பதே தெரியாது. தட்டையான வெளியில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். ஆகவே அங்கே பயன்படும் ரீநார்மலைசேஷன் முறையே, அதாவது முடிவிலியை அளந்தறியும் நிறை, இணைப்பு ஆகியவற்றுக்குள் அடக்கிவிடும் முறையே, இங்கும் போதும். கூடுதலாக வருவது ஒன்றுதான்: புலத்தின் வர்க்கத்தை வெளியின் வளைவோடு பெருக்கிய ஓர் உறுப்பு. தொடக்கத்தில் அதை நீங்கள் எழுதாமல் விட்டாலும் வளையம் அதை எழுதிக் கையில் கொடுத்துவிடும். பெருவீக்கத்தில் வளைவு என்பது ஹப்பிள் வீதத்தின் வர்க்கத்தைப்போல் 12 மடங்கு. ஆகவே அந்த இணைப்பு பத்தில் ஒரு பங்கு இருந்தாலே புலத்துக்கு ஹப்பிள் வீதத்தைவிடச் சற்றுப் பெரிய நிறை வந்துவிடும். இதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். குறுகிய அலை முனையில் இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை. இது உறுதியான பகுதி.

நீங்கள் படித்த வளர்ச்சி மறுமுனையிலிருந்து வருகிறது, நீண்ட அலைகளிலிருந்து. ஓர் அலையின் நீளம் ஹப்பிள் நீளத்தை (ஒளியின் வேகத்தை ஹப்பிள் வீதத்தால் வகுத்தது) தாண்டும் வரை அது சாதாரணமாக அதிர்கிறது. தாண்டியதும் விரிவின் இழுவை அதை அமுக்கிவிடுகிறது. அதிர்வு நின்று, இருந்த உயரத்திலேயே உறைகிறது. நிறையற்ற புலத்துக்கு, ஒரு மடிப்பு நேரத்தில் எல்லையைத் தாண்டும் அலைகள் எல்லாம் சேர்ந்து ஹப்பிள் வீதத்தை இருமுறை பையால் வகுத்த அளவு, அதாவது அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு, உதை கொடுக்கின்றன. உதை எந்தத் திசையில் என்பது முழுக்கத் தற்செயல். அடுத்த மடிப்பில் அடுத்த உதை. பழையவை உறைந்து கிடக்க, புதியவை வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

குடிகாரன் நடையைப் பற்றிப் படித்திருந்தால் விடை உடனே தெரியும்: சராசரி விலக்கத்தின் வர்க்கம் மடிப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். 60 மடிப்பில் விலக்கம் ஓர் உதையைப்போல் சுமார் 7.7 மடங்கு, அதாவது ஹப்பிள் வீதத்தைப்போல் 1.23 மடங்கு. இதை 1982-இல் விலென்கின், ஃபோர்ட், லிண்டே, ஸ்டாரோபின்ஸ்கி ஆகியோர் கணக்கிட்டார்கள். இது எந்தத் திருத்தமும் சேராத, வினையே புரியாத புலத்தின் விடை என்பதைக் கவனியுங்கள். அப்போதே நேரத்தோடு வளர்கிறது. டி சிட்டர் வெளியில், அதாவது ஹப்பிள் வீதம் மாறாமல் விரியும் வெளியில், எல்லாப் புள்ளிகளும் எல்லா நேரங்களும் ஒன்றுபோலத்தானே, விடை எப்படி நேரத்தைச் சார்ந்திருக்கலாம் என்று கேட்டால், அது நல்ல கேள்வி. நிறையற்ற புலத்துக்கு அந்தச் சமச்சீரை முழுமையாகக் காக்கும் வெற்றிட நிலையே கிடையாது என்று 1985-இல் புரூஸ் ஆலன் காட்டினார். புலம் எப்போது நடக்கத் தொடங்கியது என்பதை அது மறப்பதில்லை.

இனி வினையைச் சேர்ப்போம். நிலையாற்றல், புலத்தின் நான்காம் அடுக்கை இணைப்பு மாறிலியால் (வினையின் வலிமையைச் சொல்லும் எண்) பெருக்கி நான்கால் வகுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் திருத்தத்தைக் கணக்கிட்டால், மூல விடையோடு ஒப்பிடும்போது அது எதிர்க்குறியோடு வருகிறது. அளவில், இணைப்பு மாறிலியை மடிப்பு எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, பையின் வர்க்கத்தைப்போல் ஆறு மடங்கால், அதாவது சுமார் 59-ஆல், வகுத்தது. நீங்கள் பார்த்துப் பயந்த வளர்ச்சி இதுதான். இணைப்பு 0.1 என்று வைத்தால் 24 மடிப்பிலேயே திருத்தம் மூல விடைக்குச் சமமாகிவிடும். 60 மடிப்பு வரை ஓடவிட்டால் சராசரி வர்க்கம் ஹப்பிள் வர்க்கத்தைப்போல் கழித்தல் 7.7 என்று வரும். ஒரு வர்க்கத்தின் சராசரி சுழிக்குக் கீழே போகாது என்பது பள்ளிப் பாடம். ஆக ஏதோ ஒன்று உடைந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. எது உடைந்தது என்பதுதான் கேள்வி.

இதற்கு நான்காம் அடுக்கையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சின்னச் சோதனை செய்வது என் வழக்கம். வினையே இல்லாத, ஆனால் நிறை உள்ள புலத்தை எடுங்கள். நிறை ஹப்பிள் வீதத்தில் பத்தில் ஒரு பங்கு. இதன் விடை முழுமையாகத் தெரியும்: உதைகள் புலத்தை வெளியே தள்ள, நிறை என்ற ஸ்பிரிங் உள்ளே இழுக்க, 150 மடிப்பு அளவிலான காலத்தில் இரண்டும் சமநிலைக்கு வந்து, சராசரி வர்க்கம் ஹப்பிள் வர்க்கத்தைப்போல் சுமார் 3.8-இல் நின்றுவிடும். இடையில் அது எப்படி அங்கே போகிறது என்பது எளிய அடுக்குக்குறிச் சார்பு. இப்போது வேண்டுமென்றே ஒரு முட்டாள்தனம் செய்யுங்கள். நிறையை ஒரு ‘சின்னத் திருத்தம்’ என்று வைத்து, நிறையற்ற விடையைச் சுற்றி விரியுங்கள். முதல் உறுப்பு மடிப்பு எண்ணிக்கைபோல் வளரும், அடுத்தது அதன் வர்க்கம்போல், அதற்கடுத்தது கனம்போல். நிறையுள்ள சாதாரணப் புலத்தின் கோட்பாடு உடைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? அடுக்குக்குறிச் சார்பைத் துண்டு துண்டாக வெட்டியதன் விளைவு அது. அடுக்கு கழித்தல் 10 என்று இருக்கும்போது தொடரின் பத்தாம் அடுக்கு உறுப்பு மட்டுமே 2,755-க்கு மேல் வரும். எல்லாம் கூடிய உண்மை விடையோ 0.000045. தனி உறுப்பைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான்காம் அடுக்கு நிலையாற்றலில் கதை இதே திசையில்தான் போகிறது, ஆனால் கூடுதல் சுவையோடு. ஸ்டாரோபின்ஸ்கி எண்பதுகளில் தொடங்கி, யோகோயாமாவோடு சேர்ந்து 1994-இல் முழுமையாக எழுதிய முறை இது: ஹப்பிள் நீளத்தைத் தாண்டிய அலைகளை மட்டும் ஒன்றாகக் கட்டி, அதைச் சாதாரண மாறிபோல் நடத்துங்கள். அதன் மேல் இரண்டு விசைகள். ஒன்று நிலையாற்றலின் சரிவு, மற்றது மடிப்புக்கு மடிப்பு வரும் தற்செயல் உதை. தண்ணீரில் மிதக்கும் தூசியின் பிரௌனியன் இயக்கத்துக்கு எழுதும் அதே சமன்பாடு. நீண்ட நேரம் கழித்து நிகழ்தகவு ஒரு நிலையான வடிவத்துக்கு வருகிறது. அதைத் தொகையிட்டால், சராசரி வர்க்கம் என்பது ஹப்பிள் வர்க்கத்தை இணைப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.132-ஆல் பெருக்கியது. இணைப்பு 0.1 என்றால் 0.42. தொடர் கழித்தல் 7.7 என்று உளறிய இடத்தில் உண்மை விடை 0.42-ஐ ஒட்டி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த வர்க்கமூலத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இணைப்பு மாறிலி ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண் அடுக்குகளில் ஏறும் எந்தத் தொடரை எத்தனை உறுப்பு வரை எழுதினாலும், வர்க்கமூலம் அதன் கீழே வந்து உட்காராது. சுழியைச் சுற்றி வர்க்கமூலத்துக்கு அப்படி ஒரு விரிவே கிடையாது. நூறு வளையம் கணக்கிட்டாலும் அந்தத் தொடரை உறுப்பு உறுப்பாகக் கூட்டி இந்த விடைக்கு வர முடியாது. இதைத்தான் தொடர் உடைந்து உடைந்து நமக்குச் சொல்லப் பார்த்தது. நிறையில்லாமல் தொடங்கிய புலம் தன் கொந்தளிப்பாலேயே தனக்கு ஒரு நிறையைச் சம்பாதித்துக்கொள்கிறது; அந்த நிறையின் வர்க்கமும் இணைப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். இந்த நிறையை முன்கூட்டியே உள்ளே வைத்து, தன்னைத் தானே சரிசெய்யும் சராசரிப்புல முறையில் போட்டால் 0.132-க்குப் பதில் 0.1125 வரும். சுமார் 15 சதவீதம் பிழை. காகிதத்தின் ஓரத்தில் போட்ட கணக்குக்கு மோசமில்லை.

இந்தப் பிரௌனியன் முறையை எவ்வளவு நம்பலாம்? பல ஆண்டுகள் இது ‘நியாயமாகத் தெரிகிறது’ என்ற நிலையில்தான் இருந்தது. நானும் ஆய்வு மாணவனாக இருந்தபோது இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தவன். குவாண்டம் புலத்தைத் தூசி ஆக்கிவிட்டார்களே என்று. பிறகு ட்சாமிஸ், வுடார்ட் இருவரும் 2005-இல், ஒவ்வோர் அடுக்கிலும் மிக வேகமாக வளரும் மடக்கைகளை (மேலே பார்த்த மடிப்பு எண்ணிக்கையின் அடுக்குகள்தான்) இந்த முறை சரியாக மீட்டுத் தருகிறது என்று காட்டினார்கள். 2019-இல் கோர்பென்கோ, செனட்டோரே இருவரும் ஒரு படி மேலே போய், புலக் கோட்பாட்டிலிருந்து இதை முறையாக வருவித்து, இதற்கே திருத்தம் எழுதும் வழியையும் கொடுத்தார்கள். மாறாத டி சிட்டர் வெளியில், தனக்குத் தானே வினைபுரியும் ஒரு ஸ்கேலர் புலம் என்ற அளவில் இது முடிந்த கதை என்பது என் கணிப்பு.

இப்போது உங்கள் அடுத்த கேள்வி. இதெல்லாம் பெருவீக்கத்தை ஓட்டும் புலத்தின் கணிப்பைக் கெடுக்குமா? நான் இதுவரை பேசியது பார்வையாளர் புலத்தைப் பற்றி. விரிவை ஓட்டாமல் ஓரமாக நிற்கும் புலம். விரிவை ஓட்டும் இன்ஃப்ளட்டான் புலத்தின் ஏற்ற இறக்கம்தான் விண்மீன் மண்டலங்களுக்கு வித்து. முகானோவ், சிபிசோவ் இருவரும் 1981-இல் கணக்கிட்டது இந்த ஏற்ற இறக்கத்தின் முதற்கணக்கை. பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சில் பிளாங்க் விண்கலம் அளந்தது அதன் தடத்தை: வீச்சின் வர்க்கம் 2.1×10⁻⁹, அளவுக்கு அளவு அது மாறும் சாய்வெண் 0.965, பிழை 0.004. இந்தப் புலத்துக்குத் திருத்தங்கள் சிறியவை. ஹப்பிள் வீதத்துக்கும் பிளாங்க் நிறைக்கும் (ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் பெரிதாகும் ஆற்றல் அளவு) உள்ள விகிதத்தின் வர்க்கமே திருத்தத்தின் அளவை முடிவு செய்கிறது; மேலே சொன்ன மேல் வரம்பை வைத்தாலே அது நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆனால் அளவு சிறியது என்பது மட்டும் போதாதே. நேரத்தோடு வளர்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் ஒரு அழகான காப்பு இருக்கிறது. நாம் அளப்பது புலத்தின் மதிப்பை அல்ல, அதனால் வெளியில் உண்டாகும் வளைவின் ஏற்ற இறக்கத்தை. அது ஹப்பிள் நீளத்தைத் தாண்டியபின் ஓர் எண் மட்டுமே, இடத்துக்கு இடம் மாறாத எண். அந்தப் பகுதிக்குள் இருப்பவருக்கு அது நீள அளவுகோலைக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ மாற்றியதற்குச் சமம். அளவுகோலை மாற்றினால் இயற்பியல் மாறாது. ஆகவே அதை மேலும் வளர்க்கவோ குறைக்கவோ எதற்கும் பிடி கிடையாது. ஒரே புலம் ஓட்டும் பெருவீக்கத்தில் இது முதற்கணக்கில் மட்டுமல்ல, எல்லா வளையங்களிலும் நிற்கும் என்று 2012-ஐ ஒட்டி இரண்டு குழுக்கள் காட்டின. ஓரிடத்தில் விழுந்த வித்து, பெருவீக்கம் முடிந்து என்னென்ன கலவரம் நடந்தாலும் அப்படியே இருந்து நம் கைக்கு வருவது இதனால்தான். ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் கலந்தால் இந்தக் காப்பு கிடையாது.

இந்த இடத்தில் என் சொந்தச் சறுக்கல் ஒன்றைச் சொல்லலாம். 2005-இல் ஸ்டீவன் வைன்பெர்க் இந்த வளையக் கணக்குகளை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். அதில், அலை எண்ணை (அலைநீளம் கூடக் குறையும் எண்) ரீநார்மலைசேஷன் அளவுகோலால் வகுத்த மடக்கை ஒன்று வந்தது. அப்படியானால் வெவ்வேறு அலைநீளங்களுக்குத் திருத்தம் வெவ்வேறாகி, மிக நீண்ட அலைகளில் பெரிதாகிக்கொண்டே போகும். சில ஆண்டுகள் பலரும் அதே வடிவத்தைப் பெற்றார்கள். செனட்டோரே, சல்டாரியாகா இருவரும் 2009-இல் தவறைப் பிடித்தார்கள்: முடிவிலியை அடக்கப் பரிமாணத்தை மூன்றிலிருந்து கொஞ்சம் நகர்த்தும்போது, அலைச் சார்புகளும் அந்தப் புதிய பரிமாணத்துக்கு ஏற்ப மாற வேண்டும். அதை மறந்தால் ஒரு மடக்கை விட்டுப்போகும். சேர்த்தால், அலை எண் மறைந்து அந்த இடத்தில் ஹப்பிள் வீதம் வந்து நிற்கிறது. ஹப்பிள் வீதம் மாறிலி, ஆக வளர்ச்சி இல்லை. நானும் இதே தவற்றை, அந்தக் கட்டுரை வெளிவந்து பல காலம் கழித்து, கட்டுரையைப் படித்திருந்தும் செய்தேன். மூன்று வாரம் போனது. நேரத்தோடு வளரும் ஏதாவது கையில் வந்தால், உண்மையா அல்லது நம் கைத்தவறா என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அப்புறம், ஹிக்ஸ். இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. முதலாவது, ஹிக்ஸ் தானே ஒரு ஸ்கேலர் புலம். பெருவீக்கத்தில் அதுவும் உதை வாங்கியிருக்கும். குறுகிய அலைத் திருத்தங்கள் அதன் நான்காம் அடுக்கு இணைப்பை ஆற்றல் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே போகின்றன; டாப் குவார்க் என்ற மிகக் கனமான அடிப்படைத் துகளுடைய நிறையின் இன்றைய நடு மதிப்பை வைத்தால், 10¹⁰ முதல் 10¹¹ கிகா எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் அது எதிர்மறையாகிறது. அதற்கு அப்பால் பள்ளம். பெருவீக்கத்தின் ஹப்பிள் வீதம் மேல் வரம்புக்கு அருகில் இருந்திருந்தால் ஒரே உதை சுமார் 8×10¹² இருக்கும். புலம் மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்திருக்கும். விழவில்லை என்பதற்கு நாம்தான் சாட்சி. ஆகவே, ஒன்று ஹப்பிள் வீதம் மிகவும் குறைவாக இருந்திருக்க வேண்டும், அல்லது நான் மனத்தில் வைக்கச் சொன்ன அந்த வளைவு இணைப்பு ஹிக்ஸுக்கு ஒரு நிறையைக் கொடுத்துப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆற்றலுக்கு முன்பே புதிய துகள்கள் வந்து கணக்கை மாற்றியிருக்க வேண்டும், அல்லது டாப் குவார்க் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் லேசானதாக இருக்க வேண்டும். எது என்பது தெரியாது. இரு முனைத் திருத்தங்களும் ஒரே புலத்தில் கைகோத்து வேலை செய்யும் இடம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இரண்டாவது, நீங்கள் உண்மையில் கேட்டது: ஸ்கேலர் புலத்தின் நிறைக்குப் பாதுகாப்பில்லை என்ற பழைய தலைவலி. ஆமாம், பெருவீக்கத்திலும் அது இருக்கிறது, இன்னும் கூர்மையாக. இன்ஃப்ளட்டான் மெல்ல உருள வேண்டுமானால் அதன் நிறை ஹப்பிள் வீதத்தைவிட நன்றாகவே சின்னதாக இருக்க வேண்டும். அளந்த சாய்வெண் 1-க்கு இவ்வளவு அருகில் இருப்பதே அதற்குச் சான்று. ஆனால் பிளாங்க் அளவில் இருக்கும் நமக்குத் தெரியாத இயற்பியல், நிலையாற்றலோடு புலத்தின் வர்க்கத்தைப் பெருக்கிப் பிளாங்க் நிறையின் வர்க்கத்தால் வகுத்த ஓர் உறுப்பைச் சேர்த்துவிட்டாலே, நிறை ஹப்பிள் வீதத்தின் அளவுக்கு ஏறிவிடும். மிகைச்சமச்சீர் ஈர்ப்புக் கோட்பாடுகளில் (விசைத் துகள்களையும் பொருள் துகள்களையும் ஒரு சமச்சீரால் இணைக்கும் ஈர்ப்புக் கோட்பாடுகள்) அந்த உறுப்பு கூப்பிடாமலே வந்து நிற்கிறது. நிறையின் வர்க்கம் ஹப்பிள் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு. பெருவீக்கம் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். வளையங்களைக் கூட்டி எழுதும் எந்தச் சாமர்த்தியமும் இங்கே உதவாது, ஏனென்றால் இது கணக்கு முறையின் கோளாறு இல்லை, உள்ளீடு தெரியாத கோளாறு. புலத்தை ஒரு மாறிலியால் நகர்த்தினாலும் இயற்பியல் மாறாது என்ற சமச்சீரை விதித்தால் நிறை காப்பாற்றப்படும். ஃப்ரீஸ், ஃப்ரீமன், ஒலின்டோ 1990-இல் முன்வைத்தது அந்த வழி. ஆனால் அது அவதானிப்போடு ஒத்துப்போகப் புலம் பிளாங்க் நிறையைவிட நீண்ட தூரம் நகர வேண்டியிருக்கிறது. அங்கே ஈர்ப்பு அந்தச் சமச்சீரை மதிக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் சூடு ஆறாத ஒரு சண்டையையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பெருவீக்கத்தின் நடுவே நிலையாற்றல் சட்டென்று தட்டையானால், சிறிய அளவுகளில் மட்டும் ஏற்ற இறக்கம் கோடி மடங்கு பெருகி, தொன்மைக் கருந்துளைகள் உருவாகலாம். 2022-இல் கிறிஸ்டியானோ, யோகோயாமா இருவரும், அப்படிப் பெருகிய சிற்றலைகளின் வளையம் பின்னணிக் கதிர்வீச்சில் நாம் காணும் நீண்ட அலைகளையே கெடுத்துவிடும், ஆகவே ஒரே புலத்தில் இந்த வழி அடைபட்டுவிட்டது என்றார்கள். ரியோட்டோ உள்ளிட்ட பலர் மறுத்தார்கள். மாற்றம் எவ்வளவு சட்டென்று நடக்கிறது, எந்த உறுப்புகளை விட்டுவிட்டீர்கள் என்பதில் வாதம். மேலே சொன்ன அளவுகோல் வாதம் பொதுவானது என்பதால், எல்லா உறுப்புகளையும் சேர்த்தால் நீண்ட அலைகள் தப்பிவிடும் என்பதே என் சாய்வு. ஆனால் என் சாய்வு ஒரு கணக்கு இல்லை. இதேபோல், ஈர்ப்புத் துகள்களின் வளையங்கள் பெருவீக்கத்தின் வேகத்தையே மெல்ல மெல்லக் குறைக்குமா என்ற கேள்வியும் முப்பது ஆண்டுகளாகத் திறந்து கிடக்கிறது. அங்கே எதை அளப்பது என்பதிலேயே உடன்பாடு வரவில்லை.

பாடக்குறிப்பை மறுபடி எடுக்குமுன் ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சராசரி வர்க்கம் ஒரு மடிப்புக்கு எவ்வளவு மாறுகிறது என்று எழுதுங்கள்: உதையின் வர்க்கத்தைக் கூட்டுங்கள், நான்காம் அடுக்கின் சராசரியை இணைப்பால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை ஹப்பிள் வர்க்கத்தால் வகுத்துக் கழியுங்கள். நான்காம் அடுக்கின் சராசரிக்கு, வர்க்கச் சராசரியின் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு என்று வைத்து ஒருமுறை விரித்தால் உங்களைப் பயமுறுத்திய வளரும் திருத்தம் வரும். அதே சமன்பாட்டை விரிக்காமல், மாற்றம் சுழி என்று வைத்துத் தீர்த்தால் 0.1125 வரும். இரண்டுக்கும் அரைப் பக்கம் போதும். 0.132 வேண்டுமென்றால் மட்டும் முழு நிகழ்தகவை எழுதித் தொகையிட வேண்டும். இரண்டு காமா சார்புகளின் விகிதம் வரும், கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.